தொட்டிலில் கிடந்த பேட்டு

கேப்டன் செத்துப்போன செய்தியை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒருத்தர் சொன்னார். சரி என்றேன். ராஜபாளையம் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். தூக்கும்போதும் போகவில்லை, காரியத்துக்கும் போகவில்லை.

பேர் எதற்கு. மில்லில் எல்லாரும் கேப்டன் என்றுதான் சொன்னோம். பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள். அதனால் வெளியூர்க்காரர்கள் அந்தப் பேரைக் கேட்டு நிமிர்ந்து சல்யூட் வைப்பார்கள். அவரும் இல்லை என்று சொல்லமாட்டார், வாங்கிக்கொள்வார். ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க், வருகையும் லீவும் எழுதுகிற வேலை. மில் கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன். அம்புட்டுதான்.

நான் அதே மில்லில் ஆயிலர். நூல் முறுக்கும் மெசினுக்கு ரிங் ஃபிரேம் என்று பேர். வரிசை வரிசையாக ஸ்பிண்டில், அதாவது இரும்புக் கதிர், நின்று சுற்றும். அதுக்கெல்லாம் எண்ணெய் விடுவது என் வேலை. எங்கே விடணும், எம்புட்டு விடணும், எப்போ நிறுத்தணும். மூணாவதுதான் கஷ்டம். ஒரு சொட்டு கூடினால் நூலில் கறை விழும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். எனக்குத் தெரிந்தது எண்ணெய் ஒன்றுதான். அந்த ஆளைப் பற்றிச் சொல்ல அது போதும்.

எங்கள் டீமில் முதலில் ஒரே ஒரு பேட்டு இருந்தது. மேட்ச் என்றால் இன்னொன்று எதிர் டீமிடம் இரவல் வாங்குவோம். எந்தக் காலத்தில் யார் வாங்கினது என்று தெரியாது. நடுவில் விரிசல். நூல் சுற்றுகிற பாபினில் மிஞ்சின நூலை வஜ்ரப் பசையில் முக்கி அடியிலிருந்து பாதி வரைக்கும் சுற்றியிருந்தோம். அறுந்தால் மறுபடி சுற்றுவோம். நூல் மில்லில் நூலுக்கா பஞ்சம். கட்டு மட்டை என்று அதுக்குப் பேர். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் பட்டால் பந்து போகும்.

எண்பத்தஞ்சோ ஆறோ, ஒரு பொங்கலுக்குச் சின்ன முதலாளி மெட்ராஸிலிருந்து வந்தார். வந்தவர் டீமுக்குப் புதுப் பேட்டு ஒன்று கொடுத்தார். இங்கிலீஷ் வில்லோ மரம் என்றார். தோல் சீவின முள்ளங்கி மாதிரி வெள்ளையாக இருந்தது. கேப்டன் தோள் துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்து, கோயிலில் பரிவட்டம் வாங்குகிற மாதிரி குனிந்து வாங்கினார். வாங்கினவர் டீமிடம் கொடுக்கவில்லை. நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

“புதுப் பேட்டை எடுத்தவுடனே ஆடக் கூடாதுய்யா. எண்ணெய் குடிக்கணும். பக்குவம் வரணும்” என்றார்.

அது சரிதான். 

மதுரையில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் விவரம் கேட்கப் போனார். பந்து வாங்கி வர நானும் கூடப் போனேன். கடைக்காரர் நல்ல மாதிரி. நிதானமாகச் சொன்னார்.

“லின்சீட் எண்ணெய், அதான் ஆளிவிதை எண்ணெய், பெயிண்டு கடையில கிடைக்கும். மெல்லிசா ஒரு பூச்சு. ஒரு நாள் காய விடுங்க. பொறவு இன்னொரு பூச்சு. மூணாவதோட நிறுத்திருங்க. கைப்பிடி சொருகியிருக்க இடத்துல படக் கூடாது. அளவு மீறுச்சுன்னா மரம் செத்துரும். அப்புறம் வருசத்துக்கு ஒரு பூச்சு போதும்.”

நான் வாசலில் நின்றேன். எனக்கு முழுசும் கேட்டது. கடைக்குள்ளே நின்றவருக்குப் பாதிதான் கேட்டது.

மூணு பூச்சை அவர் ஒரு நாள் கணக்காக்கிவிட்டார். காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது ஒன்று. பொழுது அடையும்போது ஒன்று. மில் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் வாசற்படியில் உட்கார்ந்துதான் செய்வார். உள்ளே வைத்துச் செய்தால் யார் பார்ப்பது. வேட்டியை மடித்துக் கட்டி, பேட்டை மடியில் படுக்க வைத்து, சம்சாரத்தின் பழைய நூல் சேலையில் கிழித்த துணியால் மேலிருந்து கீழே இழுப்பார். கீழேயிருந்து மேலே இழுக்க மாட்டார். மரத்துக்கு வலிக்குமாம். போகிறவன் வருகிறவன் நின்று பார்த்தால் இழுப்பு இன்னும் மெதுவாகும்.

குழாயடியில் அவர் சம்சாரத்தைப் பெண்கள் விட மாட்டார்கள்.

“ஏட்டி, ஒங்க வீட்டுக்காரர் என்ன செய்யுதாரு?”

“பிள்ளைக்கு எண்ணெ தேச்சிக்கிட்டு இருக்காரு.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“மூணாவதுக்கு. மரத்துல பெத்தது.”

சிரிப்பார்கள். அந்தம்மாவும் சிரிக்கும். சிரித்து முடித்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, “எம் மகளுகளுக்குத் தலைக்கு வைக்க எண்ணெ இல்லைங்கேன். காதுலயே வாங்கல” என்று சொல்லிக்கொண்டே போகும்.

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். லைன் வீட்டில் தரை எப்போதும் ஈரம். பிள்ளைகள் அந்தத் தரையில் கோரைப் பாயில் படுக்கும். பேட்டைத் தரையில் நிறுத்தினால் நுனி ஈரம் குடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் கிடந்த பழைய தொட்டில் கயிறு உத்தரத்தில் அப்படியே இருந்தது. அதில் சேலையைக் கட்டிப் பேட்டைப் போட்டுவிட்டார். நான் கண்ணால் பார்த்தேன். சின்னவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். தரையில் சுருண்டு கிடந்தாள். தலைக்கு மேலே தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

எண்ணெய் போக, தட்டல் ஒன்று உண்டு. புதுப் பேட்டை மரச் சுத்தியால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். அதுவும் நியாயம்தான், சில நாளைக்கு. இவர் புளிய மரத்தில் சுத்தி செய்து வைத்துக்கொண்டு, லீவு நாளில் காலையிலிருந்து டொக் டொக் என்று தட்டுவார். அந்த நேரம் நைட் ஷிஃப்ட் ஆட்கள் தூங்குகிற நேரம். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரன், பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங் ஆள், எழுந்து வந்துவிட்டான்.

“ஏ கேப்டனு, அதுக்கு உசிரு வந்துச்சா இல்லையா? வரலேன்னா எங்கிட்டக் குடுங்க. ஒரு அண்டா வெந்நி போட்டுட்டுச் சாம்பலைத் திருப்பித் தாரேன்.”

“தூக்கத்தைப் பெருசா நினைக்கிறவனுக்கு ஆட்டம் வராதுய்யா.”

“எனக்கு என்னைக்கு ஆட்டம் வந்துச்சு? தூக்கமாவது வரட்டுமே!”

கேப்டன் சிரித்தார். அவன் திரும்பிப் போனதும் மறுபடி டொக் டொக்.

ஆட்டம் என்றதும் அவர் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். பிராக்டிஸில் ஆறு பந்து ஆடுவார். கட்டு மட்டையில்தான். ஆறுக்கும் காலை நீட்டித் தடுப்பார். ஏழாவது பந்து எவனாவது வேகமாக ஓடி வந்தால், கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, குனிந்து தரையில் கிடக்கிற சிறு கல்லைப் பொறுக்குவார். பொறுக்கி முடித்ததும், “சரி, அடுத்த ஆள் வாங்க” என்பார். மேட்ச்சில் பதினோராவது ஆளாகத்தான் இறங்குவார். பாதி மேட்ச்சில் இறங்கவே வேண்டியிருக்காது. ஒரு தடவை விரல் நுனியில் பந்து பட்டது. மூணு நாள் லீவு போட்டார். டைம் ஆபீஸ் ஆளுக்கு லீவு எழுத வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆயுத பூஜைக்கு மில்லில் எல்லா மெசினுக்கும் மாலை போடுவோம். ஒரு வருசம் அவர் பேட்டை எடுத்துக்கொண்டு வந்து ரிங் ஃபிரேம் முன்னால் பலகை போட்டு வைத்தார். பூசாரி வந்து எல்லாத்துக்கும் போடுகிற மாதிரி அதுக்கும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டுப் போய்விட்டார். எண்ணெயில் ஊறின மரம். சிவப்பு உடனே இறங்கிவிட்டது. பூஜைப் பொரி இன்னும் கொடுத்து முடியவில்லை, கேப்டன் துணியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். பூஜையில் வைத்த குங்குமத்தை இரண்டு நாள் தேய்த்து எடுத்தார். “பூசாரிக்குப் பக்குவம் போதாது” என்றார்.

பக்குவம். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு. பேட்டுக்கு இன்னும் பக்குவம் வரலை. சைக்கிள் சீட்டில் மூடியிருந்த பிளாஸ்டிக்கை ஏழு வருசம் கழற்றவில்லை, பக்குவமாக இருக்கட்டும். கேட்டில் நிற்கிற பதிலி ஆட்களுக்கும் அதுதான்.

பதிலி என்றால் நிரந்தரம் இல்லாத ஆள். தினமும் ஷிஃப்டுக்கு முன்னால் கேட்டில் வந்து நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராவிட்டால் அந்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது டைம் ஆபீஸ். அதாவது கேப்டன். கையில் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பார்த்து முடிக்கவே செத்த நேரம் ஆகும். “நீ வா. நீ வா. நீ நாளைக்குப் பார்ப்போம்.” டீமில் பாதிப் பேர் பதிலிதான். ஆட்டம் பிடித்து வந்தவன் ஒன்றிரண்டு பேர். மற்றவன் எல்லாம் கேட்டில் முகம் தெரியணும் என்று வந்தவன்.

சோலை இரண்டுக்கும் வந்தவன்.

சேத்தூர்ப் பையன். இருபத்து நாலு வயசு. ரிங் ஃபிரேமில் டாஃபர், அதாவது நூல் நிறைந்த பாபினைக் கழற்றிக் காலியை மாட்டுகிற வேலை. கை பார்க்க முடியாத வேகம். இடது கை ஆட்டக்காரன். கட்டு மட்டையை வைத்துக்கொண்டு அவன் திருப்பி அடித்தால் பந்து மில் காம்பவுண்டைத் தாண்டிக் கண்மாயில் விழும். நாலு வருசமாகப் பதிலி. கான்சாபுரத்தில் அவனுக்கு ஒரு பொண்ணு பார்த்திருந்தார்கள். பொண்ணுக்கும் பிடித்துவிட்டது. பொண்ணோட அப்பா ஒரே வார்த்தை சொல்லிவிட்டார். “நிரந்தரம்னு தாள் வரட்டும், பேசுவோம். கேட்ல நிக்கிறவனுக்கு எப்படிக் குடுக்க?”

அவன் கேப்டனிடம் போய்க் கேட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

“சார், லிஸ்ட்ல எம் பேரை மேல அனுப்புனீங்கன்னா...”

“அனுப்புவோம்யா. அவசரப்படாத. உனக்கு இன்னும் பக்குவம் வரலை.”

“நாலு வருசம் ஆச்சு சார்.”

“நாலு வருசமெல்லாம் ஒரு கணக்காய்யா? எம் பேட்டைப் பாரு.”

சோலை வெளியே வந்து என்னிடம், “அண்ணே, நானும் அந்தத் தொட்டில்ல ஏறிப் படுத்துக்கிடலாம் போல” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த ஆளைப் பார்த்துச் சிரிப்பதில் எங்களுக்கு ஒரு ஒட்டுதல் இருந்தது.

பேட்டு வந்த மூணாவது வருசம் கேப்டன் என்னைத் தேடி வந்தார்.

“ஆயிலரே, இந்த லின்சீட் சரியில்லய்யா. மேலேயே நிக்குது. கையெல்லாம் பிசுபிசுங்குது. மரம் குடிக்க மாட்டேங்குது.”

மரம் வயிறு முட்டக் குடித்திருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார். உலக்கை மாதிரிக் கனம். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். நல்ல மரம் தட்டினால் திருப்பிப் பேசும். இது பேசவில்லை.

“ஒங்கிட்ட ஸ்பிண்டில் ஆயில் இருக்குமே. தண்ணி மாதிரி மெல்லிசா. அது நல்லா உள்ள இறங்கும்லா? ஒரு டப்பாவுல கொஞ்சம் குடேன்.”

ஸ்பிண்டில் ஆயில் உள்ளே இறங்கும். இறங்கிக்கொண்டே இருக்கும். காயவே காயாது. இரும்புக்கு அதுதான் வேணும். மரத்தில் போனால் நார் நாராகத் தளர்த்திவிடும். நான் சொன்னேன்.

“சார், அது காயாது. இரும்புக்குள்ளது. மரம் ஊறிப்போகும். இப்பவே ஊறித்தான் இருக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏலே, நீ மெசினுக்கு எண்ணெ விடுறவன். மரத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? காயாம இருந்தாத்தான மரம் உசிரோட இருக்கும். சொன்னதச் செய்யி.”

 மறுநாள் ஒரு தகர டப்பா நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கொஞ்சம்தான் கேட்டார். நான் நிறையக் கொடுத்தேன். தீர்ந்ததும் மறுபடி கொடுத்தேன். ஒரு வருசம் கொடுத்தேன். ஸ்டோரில் எண்ணெய் டிரம் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். வேறு யாரிடமும் கிடையாது. மில் எண்ணெய் ஒரு சொட்டு வெளியே போனால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தெரிந்துதான் செய்தேன்.

கெட்டுப் போகட்டும் என்றுதான் கொடுத்தேன். அந்தப் பேட்டில் யாரும் ஆடப் போவதில்லை. தொட்டிலில் கிடந்து ஊறி அழுகட்டும். ஒரு நாள் கையோடு உதிரும்போது அந்த ஆள் முகத்தைப் பார்க்கணும். அது எனக்கு ஒரு நேரம்போக்காக இருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து மேலிருந்து கீழே இழுப்பதைப் பார்த்துக்கொண்டே போவேன். “நல்லா இறங்குதா சார்?” என்று கேட்பேன். “பிரமாதமா இறங்குதுய்யா” என்பார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ரிட்டயர் ஆன பிறகு, தொண்ணூற்றாறு வாக்கில், சேத்தூர் பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். உடம்பு இளைத்திருந்தது. மகள் கல்யாணம், சம்சாரம் சுகமில்லாதது, எதையும் பேசவில்லை.

“அந்த எண்ணெ இப்பவும் கிடைக்குமாய்யா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

“பேட்டைக் கரையான்கூடத் தொடல தெரியுமா? எல்லாம் பராமரிப்பு.”

எந்தக் கரையான் அதைத் தொடும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேட்ச்சைச் சொல்கிறேன்.

எண்பத்தொன்பதோ தொண்ணூறோ. ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் டீமோடு அவர்கள் ஊர் மைதானத்தில் எங்கள் மில் டீமுக்கு மேட்ச். சின்ன முதலாளி பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். பதிலி ஆட்களில் யார் நன்றாக ஆடி ஜெயித்துக் கொடுக்கிறானோ அவனை அந்த மாசமே நிரந்தரம் பண்ணிவிடலாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். சோலை அதைத் தினமும் நின்று படித்தான். ஒரே பத்திதான். மனப்பாடம் ஆகியிருக்கும். கான்சாபுரத்துக்கும் ஆள் விட்டுச் சொல்லிவிட்டான். பொண்ணோட அப்பா ஆட்டம் பார்க்க வந்தார். ஓரத்தில் வேப்பமரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். கிரிக்கெட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. பந்து தூரமாகப் போனால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பக்கத்துக்கு ஒரு அம்பயர். எங்கள் பக்கத்துக்கு என்னை நிறுத்தினார்கள். “பேசாத ஆளு, சண்டை வராது” என்று கேப்டனே சொன்னார்.

அவர்கள் முதலில் ஆடினார்கள். பிறகு நாங்கள். சோலை முதல் ஆளாக இறங்கினான், கட்டு மட்டையோடு. அன்றைக்கு அவன் கை நூல் மெசின் மாதிரி ஓடியது. கோபுரம் பக்கத்திலிருந்து ஒருத்தன் நல்ல வேகமாகப் போட்டான். அவனையே இரண்டு தடவை ரோட்டுக்கு அனுப்பினான். வேப்பமரத்தடியில் குடை மேலே போய் இறங்கியது. மற்ற பக்கம் ஆள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. சோலை அறுபதைத் தாண்டி நின்றான். கடைசி மூணு ஓவர், பதினேழு ரன். எட்டாவது ஆள் அவுட்டானான். சோலை நின்றால் ஜெயம். எல்லாருக்கும் தெரியும்.

அந்த இடைவெளியில்தான் சின்ன முதலாளி பந்தலில் கேப்டனைக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்கோர் எழுதினவன் பின்னால் சொன்னான்.

“என்ன சார், அந்தத் தம்பி கயிறு சுத்தின கட்டையில ஆடுறான்? நான் குடுத்த பேட்டு எங்கே?”

“இருக்கு சார். பத்திரமா இருக்கு. நல்ல பக்குவத்துல இருக்கு சார்.”

“அப்போ குடுங்க. அதுல அடிச்சு முடிக்கட்டும். போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கேன்.”

கேப்டன் அதைக் கொண்டு வந்திருந்தார். எங்கே போனாலும் கொண்டு வருவார். உறை தைத்து வைத்திருந்தார். உறையைக் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார். மஞ்சளும் கறுப்புமாகப் பளபளவென்று இருந்தது. ஆள் விழுந்த நேரம் என்பதால் நானும் நடுவுக்கு வந்து நின்றேன். இரண்டு அடி தூரம்.

“இந்தா, பிடி.”

சோலை பார்த்தான். “வேண்டாம் சார். இது கைக்கு அமைஞ்சு போச்சு. இன்னும் மூணு ஓவருதான்.”

“முதலாளி பாக்காரு. அவர் குடுத்தது. பிடிங்கேன்.”

“சார், ஆடிட்டு இருக்கும்போது மாத்தக் கூடாது சார்.”

“நாளைக்கு நீ கேட்டுக்கு வரணுமா வேண்டாமா?”

சோலை என் பக்கம் திரும்பினான். “என்னண்ணே செய்ய?” என்றான்.

ஒரு வார்த்தை போதும். அது செத்த மரம், வாங்காதே. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எண்ணெய் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார்கள். பந்தலில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் இரண்டு பிள்ளை.

“அம்பயர் பேசக் கூடாதுப்பா” என்றேன்.

கேப்டன் கட்டு மட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் நடந்து போன வேகத்தை நான் அதுக்கு முன்னால் பார்த்ததில்லை.

முதல் பந்தைச் சோலை சும்மா தடுத்தான். பந்து பட்டது, சத்தம் வரவில்லை. ஈரச் சாக்கில் விழுந்த மாதிரி காலடியில் விழுந்தது. சோலை பேட்டைத் திருப்பிப் பார்த்தான். பந்தலைப் பார்த்துக் கையைக் காட்டினான், பழையதைக் கொடுங்கள் என்று. கேப்டன் முதலாளி பக்கம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பந்து நல்லாப் போட்ட பந்தே இல்லை. இடுப்பு உயரத்துக்கு வாட்டமாக வந்தது. இறங்கினதிலிருந்து அந்த மாதிரிப் பந்தை அவன் ரோட்டுக்குத்தான் அனுப்பியிருந்தான். அதே மாதிரித் தூக்கினான். பேட்டு நடுவில்தான் பட்டது, நான் பார்த்தேன். சதக் என்று ஒரு சத்தம். பந்து மேலே போனது. வேப்பமரத்தடியில் குடையும் மேலே போனது. பாதி தூரத்தில் பந்துக்கு மூச்சு நின்றுவிட்டது. நேராகக் கீழே வந்து நின்றுகொண்டிருந்தவன் கையில் விழுந்தது. அவன் நகரக்கூட இல்லை.

குடை மட்டும் செத்த நேரம் மேலேயே நின்றது. அவுட் என்று அவருக்குத் தெரியாது.

கேப்டன் பந்தலிலிருந்து ஓடி வந்தார். சோலையைத் தேற்றத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். பேட்டைப் பிடுங்கினார். பந்து பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு தழும்பு. துண்டு நுனியை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார். “பாவி, முகத்துல வாங்கிட்டானே, முகத்துல வாங்கிட்டானே” என்றார். பேட்டில் பந்தை வேறு எங்கே வாங்குவது.

கடைசி ஜோடியும் நிற்கவில்லை. அதில் ஒருத்தர் கேப்டன். நாங்கள் தோற்றோம்.

சின்ன முதலாளி சோலை முதுகில் தட்டினார். “நல்லாத்தான் ஆடுன தம்பி. முடிச்சிருக்கலாம். அடுத்த வருசம் பார்ப்போம்.”

“இன்னும் பக்குவம் வரலை சார்” என்றார் கேப்டன்.

அடுத்த வருசம் முதலாளி வரவில்லை. வந்திருந்தாலும் பொண்ணு வீட்டில் அதுவரைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். தை மாசம் போலீஸ்காரர் ஒருத்தருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சோலை இன்னும் இரண்டு வருசம் கேட்டில் நின்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான்.

அன்றைக்கு மில் வேனில் திரும்பினோம்.  முன் சீட்டில் கேப்டன் பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோலை எனக்கு எதிரே. மடவார்வளாகம் தாண்டும்போது அவன் உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டுபோனான். ஒரு தடவை மோந்தான். மறுபடி மோந்தான். வருசக் கணக்காக ரிங் ஃபிரேமில் நின்றவன். அந்த வாசனையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான்.

கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“மோந்து பாருங்கண்ணே. என்ன எண்ணெண்ணே இது?”

“லின்சீட்” என்றேன்.

அவன் என் இடுப்பைப் பார்த்தான். சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கையை வேட்டியில் துடைத்தான். “சரி” என்றான். வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டான்.

மறுநாள் கேட்டில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் எண்ணெய்க் குடுவையோடு ரிங் ஃபிரேம் பக்கம் போனேன். பாபின் கழற்றிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் கையை நிறுத்தித் தள்ளி நின்றான். மற்ற நாளில் அண்ணே வாங்க என்பான். அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு திருப்பூர் போகிற வரைக்கும் சொல்லவில்லை.

“விடுங்க ஆயிலர்” என்றான். “நல்லா விடுங்க.”

விட்டேன்.